வராளியில் ஒரு பாசுரம்: இசைத்தொகுப்பு மதிப்புரைத் தொழில் பற்றி

புதிதாக வெளியாகும் இசைத்தொகுப்பைக் கேட்டு, அதன் நிறைகுறைகளை எழுத்தில் எடுத்துரைத்து, இதழ் கேட்டால் அதற்கு மதிப்பெண்ணும் இடும் தொழில் தமிழில் கச்சேரி விமர்சனத்தின் நிழலில் வளர்ந்ததாகும். 1931இல் ஆனந்த விகடனில் சேர்ந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, ‘கல்கி’ என்ற பெயரோடு ‘கர்நாடகம்’ என்ற மற்றொரு புனைபெயரையும் சூடி ‘ஆடல் பாடல்’ பகுதியில் எழுதியவையே பொதுவாசகரை இசை பற்றிப் படிக்கப் பழக்கின. அவருக்குப் பின் டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழிலும் தமிழ் இதழ்களிலும் எழுதிய சுப்புடு (1917–2007), பாடகர்கள் அஞ்சும் அளவுக்கு அந்தப் பேனாவைக் கூராக்கினார். இவ்விருவரும் எழுதியவை பெரும்பாலும் ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிட்ட கச்சேரிகளைப் பற்றியவை. சபைக்கு வராத வாசகருக்கு விமர்சகரின் சொல்லைத் தவிர வேறு சான்று கிடையாது. வந்திருந்தவருக்கோ நினைவு மட்டுமே சான்று. ஒலிப்பதிவின் நிலை வேறு. மதிப்புரையாளர் கேட்ட அதே பதிவை வாசகரும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுச் சரிபார்க்கலாம் என்பதால், சாட்சி சொல்லும் வேலை இங்கே வாதம் சொல்லும் வேலையாகிறது. எந்தப் பாட்டு, எந்தச் சொல், எந்தச் சங்கதி (ஒரே அடியைப் படிப்படியாக வேறுபடுத்திப் பாடும் முறை) என்று சுட்டாத பாராட்டும் கண்டனமும் எழுதியவரின் மனநிலையை மட்டுமே தெரிவிக்கும்.

இந்த வேறுபாட்டைச் சென்னையில் இருப்பவரைவிட ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருப்பவர் எளிதில் உணர்வார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு ஊர்களிலும் கோயில் விழாக் கச்சேரிகளும் நாகசுரமும் உண்டு. ஆனால் டிசம்பர் மாதத்துச் சென்னையைப் போல ஒரே மாலையில் நான்கு மேடைகளுக்கு இடையே ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. ஆகவே, பெரும்பாலான கேட்பவர்களுக்கு இசைத்தட்டும், 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும், எண்பதுகளில் பெருகிய கேசட்டுகளுமே கச்சேரி மேடையாக இருந்தன. ஒரு பாடகரை நேரில் பார்க்காமலே அவருடைய தோடியை மனப்பாடமாக அறிந்தவர்கள் இவ்வூர்களில் பலர். பதிவைக் கச்சேரியின் நகலாகக் கருதாமல் தனியொரு படைப்பாகக் கருதும் பழக்கம் இந்தத் தொலைவிலிருந்து பிறந்தது என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு. இத்தொழிலை அவர் கற்றுக்கொண்டதும் இந்தத் தொலைவிலிருந்துதான்.

கேசட் காலத்தில் தமிழகத்தின் எல்லாச் சிற்றூர்களையும் போல இங்கும் ‘ரெக்கார்டிங் சென்டர்’ எனப்பட்ட கடைகள் இருந்தன. வெற்று கேசட் ஒன்றை வாங்கி, வேண்டிய பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அவற்றைப் பதிந்து தருவார். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு திரைப்பாட்டுகளே அடங்கும் என்பதால், ஒரு படத்தின் ஐந்து பாட்டுகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு வாடிக்கையாளரும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அத்தாள்களைத் தொடர்ந்து பார்த்த கடைக்காரருக்கு, எந்தத் தொகுப்பில் ஒரு பாட்டுதான் உயிரோடு இருக்கிறது, எந்தத் தொகுப்பை மக்கள் முழுமையாகவே கேட்கிறார்கள் என்பது எந்த இதழுக்கும் முன்பே தெரிந்திருந்தது. 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ முதல் 1992இல் வந்த ‘ரோஜா’ வரை தமிழ்த் திரையிசையில் நிகழ்ந்த மாற்றத்தை அந்தக் கடைகளின் வழியாகவே கேட்டறிந்த ஒரு தலைமுறை உண்டு. தொகுப்பு என்பது தனிப்பாட்டுகளின் கூட்டமா அல்லது ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒழுங்கா என்ற கேள்வி, மதிப்புரையாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியாக இன்றும் இருக்கிறது; அதை முதலில் நடைமுறையில் கேட்டவர்கள் அந்தத் தாள்களை எழுதியவர்கள்தாம்.

இவ்வட்டாரத்தில் ஆண்டுதோறும் தவறாமல் மதிப்புரையாளரின் மேசைக்கு வரும் தொகுப்பு திருப்பாவை ஆகும். அதைப் பாடிய ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதால், மார்கழியை ஒட்டி வெளியாகும் ஒவ்வொரு புதிய திருப்பாவைப் பதிவும் இங்கே தனிக் கவனத்தோடு கேட்கப்படுகிறது. 30 பாசுரங்களுக்கும் கர்நாடக ராகங்களில் மெட்டமைத்துத் தந்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அம்மெட்டுகள் வீடுதோறும் பரவியதில் எம்.எல். வசந்தகுமாரியின் (1928–1990) ஒலிப்பதிவுக்குப் பெரும்பங்கு உண்டு. அரியக்குடியாரின் அமைப்பில் முதல் ஐந்து பாசுரங்களும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசையில் அமைந்துள்ளன. இவை ஐந்தும் கனராகங்கள், அதாவது தானம் எனப்படும் தாள அழுத்தமுள்ள வாசிப்புக்கு ஏற்றவை என்று மரபில் சிறப்பாகக் கொள்ளப்படும் ராகங்கள். தியாகராஜர் (1767–1847) தம் பஞ்சரத்ன கீர்த்தனைகளை அமைத்ததும் இதே ஐந்து ராகங்களில்தான். ஆகவே புதிதாகத் திருப்பாவை பாடும் எவரும், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் கர்நாடக இசையின் மிக அறியப்பட்ட ஒரு வரிசைக்குள் நுழைந்துவிடுகிறார். மெட்டை அப்படியே கொள்கிறாரா, மாற்றுகிறாரா, மாற்றினால் எதற்காக மாற்றினார் என்பன மதிப்புரையின் முதல் பத்தியிலேயே சொல்லப்பட வேண்டியவை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் திருப்பாவை கச்சேரிப் பாட்டாக மட்டும் கேட்கப்படுவதில்லை. கோயிலில் கோஷ்டியாக, அதாவது பலர் கூடி ஒரே குரலாக, பாசுரங்களைச் சேவிக்கும் வழக்கம் தொடர்ந்து நடைபெறுகிறது. சேவித்தல் என்பது ராக விரிவின்றி, சொல்லின் அளவையும் அடியின் ஓட்டத்தையும் காத்து ஓதும் முறையாகும். இந்த ஓதலைச் சிறுவயதிலிருந்து கேட்டவர்களின் செவியில் பாசுரத்தின் இலக்கண அமைப்பு அவர்கள் அறியாமலே பதிந்துவிடுகிறது. எட்டடி கொண்ட ஒவ்வொரு பாசுரமும் கொச்சகக் கலிப்பாவால் ஆனது. அவற்றுள் பல முதலடியில் தொடங்கிய பொருளை இறுதியடிகளில்தான் முடிக்கின்றன. ஐந்தாம் பாசுரம் இதற்கு நல்ல சான்று: முதல் நான்கு அடிகளும் இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயர்களாக, கண்ணனின் பல அடையாளங்களாக அடுக்கப்பட்டு நிற்க, அவற்றை ஏற்கும் வினை அதன் பின்னரே வருகிறது. கச்சேரி முறைப்படி முதலடியைப் பல்லவியாகக் கொண்டு, ஒவ்வொரு இரண்டடிக்குப் பின்னும் அதற்குத் திரும்பினால், செயப்படுபொருள் வினைக்குக் காத்துக்கொண்டே நின்றுவிடும். ஓதலைக் கேட்டுப் பழகிய ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், இசையிலக்கணம் எதுவும் அறியாதவராக இருந்தாலும், அவ்விடத்தில் ஏதோ தடைபடுகிறது என்று சொல்லிவிடுவார்.

இதனால் பல்லவி முறையே தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. எடுப்பு அழகாக அமைந்த முதலடி மீண்டும் மீண்டும் வரும்போது பாசுரத்தின் காட்சி மனத்தில் ஆழப்பதிகிறது என்பதும் உண்மையே. இந்த முறையில்தான் திருப்பாவை வைணவ வீடுகளைத் தாண்டி எல்லா வீடுகளுக்கும் சென்றது. ஆனால் பாடகர் அந்தத் திரும்புதலை எந்த இடத்தில் வைத்தார், பொருள் முடிந்த இடத்திலா, தாளம் முடிந்த இடத்திலா என்பதை மதிப்புரை கட்டாயம் குறிப்பிட வேண்டும். குரலின் இனிமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாத மதிப்புரைகள் ஆண்டுதோறும் வருகின்றன. பாட்டைக் கேட்டுவிட்டுப் பாசுரத்தைக் கேட்காமல் விட்டதன் விளைவு அது.

ராஜபாளையத்துச் செவி இன்னொரு வகையில் பழகியது. அவ்வூரில் பெருந்தொகையாக வாழும் ராஜுக்கள் சமூகத்தாரின் வீட்டுமொழி தெலுங்கு. தெருவிலும் பள்ளியிலும் தமிழ். தியாகராஜரின் பஞ்சரத்னத்தில் முதல் கீர்த்தனை வடமொழியிலும் மற்ற நான்கும் தெலுங்கிலும் உள்ளன. தமிழ்நாட்டில் இவற்றைத் தமிழ் எழுத்துப் புத்தகங்களிலிருந்து கற்போர் பலர். தமிழில் ககரம் ஒன்றே நான்கு வெவ்வேறு ஒலிகளுக்கு நிற்க வேண்டியிருப்பதால், அப்புத்தகங்கள் எழுத்தின் அருகே 2, 3, 4 என்று சிறு எண்களை இட்டு ஒலியை வேறுபடுத்திக் காட்டும். எண்ணைக் கவனியாமல் கற்றவரின் பாட்டில் வல்லொலியும் மெல்லொலியும் இடம் மாறும், குறில் நெடிலாகும். வீட்டில் தெலுங்கு பேசுபவருக்கு அது உடனே உறுத்தும். அவர்கள் பேசும் தெலுங்கு தலைமுறைகளாகத் தமிழோடு கலந்து வாழ்ந்த தெலுங்கு, தியாகராஜரின் மொழியோடு அப்படியே ஒத்ததல்ல. எனினும் ஒரு சொல் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பதை அறிய அது போதும். இத்தகைய கேட்பவர்களோடு அமர்ந்து புதிய பதிவுகளைக் கேட்டுப் பழகிய மதிப்புரையாளர், ‘உச்சரிப்பு நன்று’ என்ற சொற்றொடரைச் சோதிக்காமல் எழுதத் துணியமாட்டார்.

இவ்விரு செவிகளும் ஒருசேரச் சோதிக்கும் இடம் நான்காம் பாசுரம். மழையை அழைக்கும் இப்பாசுரத்தில் சிறப்பு ழகரம் 11 இடங்களில் வருகிறது. அதை ளகரமாகவோ யகரமாகவோ தேய்த்துவிடாமல், அதே வேளையில் ஒவ்வொரு முறையும் நாவை மடித்துக் காட்டும் செயற்கையும் இல்லாமல் பாட வேண்டும். ராகமோ வராளி. குரு மாணவருக்கு நேரடியாகக் கற்பிக்கலாகாது என்ற நம்பிக்கை இந்த ராகத்தைப் பற்றி நெடுங்காலமாக உண்டு. அந்த நம்பிக்கையின் காரணம் எதுவாயினும், ராகம் கடினமானது என்பதில் ஐயமில்லை. இதன் மத்திமம், அதாவது நான்காம் சுரமாகிய ‘ம’, வழக்கமான பிரதி மத்திமத்தைவிடச் சற்று ஏறி, பஞ்சமத்தை நெருங்கி நிற்கும். இதை ச்யுதபஞ்சம மத்திமம் என்று இலக்கண நூலார் குறிப்பர். காந்தாரமோ தனக்குரிய சிறு இடத்துக்குள் அசைந்தே ஒலிக்க வேண்டும், நேர்கோடாக நிற்கலாகாது. இந்த இரு சுரங்களும் தம் இடத்தில் விழாவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வராளி வராளியாகாது.

ஒலிப்பதிவுக் கூடங்களில் இப்போது பரவலாகியுள்ள சுருதித் திருத்த மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் பெருந்தீங்கு செய்கின்றன. ஆட்டோடியூன் போன்ற அம்மென்பொருள்கள், கவனமின்றிக் கையாளப்பட்டால், பாடிய சுரத்தை அருகிலுள்ள பன்னிரு சுரத்தானங்களுள் ஒன்றை நோக்கி இழுத்துவிடும். பஞ்சமத்தை நெருங்கிய வராளி மத்திமம் அவற்றின் கணக்கில் ‘பிசகு’. காந்தாரத்தின் அசைவும் ‘பிசகு’. கமகம் எனப்படும் அசைவே உயிராகவுள்ள ஓர் இசையில் அசைவைக் குறையாகக் கருதும் கருவியை ஓடவிட்டால், பாடகர் சரியாகப் பாடியது கூடத்தில் தவறாக்கப்பட்டு வெளிவருகிறது. பதிவில் ஒரு சுரம் கண்ணாடித் தரையில் வழுக்குவது போல, உராய்வே இல்லாமல் அடுத்த சுரத்துக்குச் செல்லுமாயின், மதிப்புரையாளர் அங்கே நிறுத்தித் திரும்பக் கேட்க வேண்டும். குற்றம் பாடகருடையதா, ஒலிப்பதிவாளருடையதா என்று வெளியிலிருந்து அறிவது பெரும்பாலும் இயலாது. ஆகவே ‘பாடகர் பிசகினார்’ என்று எழுதாமல், ‘பதிவில் மத்திமம் இறங்கி ஒலிக்கிறது’ என்று எழுதுவதே நேர்மையானது. இந்தச் சிறு சொல்மாற்றத்தை இக்கட்டுரையாசிரியர் மிக முக்கியமாகக் கருதுகிறார். ஒருவரின் வாழ்நாள் உழைப்பைப் பற்றிப் பேசும்போது கேட்டதை மட்டுமே சொல்ல வேண்டும்.

கேட்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் முறை, உறையிலுள்ள குறிப்புகளையும் பாடகரின் வரலாற்றையும் படிக்காமல், தொகுப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை இடைநிறுத்தாமல் கேட்பது. இப்போது குறிப்பு எழுதக் கூடாது. எங்கே கவனம் சிதறியது, எங்கே தானாகத் திரும்பியது என்பது மட்டும் நினைவில் நின்றால் போதும். இரண்டாம் முறை மூலபாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. பதப்பிரிப்பு, அதாவது சொற்களைச் சரியான இடத்தில் பிரித்து ஒலித்தல், பாடவேறுபாடு, விடுபட்ட அடி ஆகியவை இப்போது தெரியும். மூன்றாம் முறைதான் குறிப்பேடு. பாடகரின் சுருதி எத்தனை கட்டை (ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளைக் கொண்டு சுருதியை எண்ணும் முறை, பெண்குரல்கள் பலவும் ஐந்து கட்டையை ஒட்டி அமையும்), பக்கவாத்தியங்கள் எவை, மிருதங்கத்தின் தொப்பி எனப்படும் இடப்பக்கம் கேட்கிறதா, தம்புரா மெய்யானதா மின்கருவியா, எதிரொலி செயற்கையாகக் கூட்டப்பட்டதா என்பனவற்றை ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குப் பின்னரே முந்தைய பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். ஒப்பீட்டை முதலில் செய்பவர் புதிய குரலில் பழைய குரலைத் தேடத் தொடங்கிவிடுவார். வசந்தகுமாரியின் பதிவோடு வளர்ந்த செவிக்கு இந்த ஆபத்து மிகுதி.

நான்காவதாக ஒரு கேட்பு உண்டு. பெருநகர மதிப்புரையாளர் அதைப் பெரும்பாலும் அறியார். திருப்பாவை எங்கே, எதன் வழியாக ஒலிக்கப் போகிறதோ அதன் வழியாகவே அதைக் கேட்டுப் பார்ப்பது. இவ்வூர்களில் மார்கழி விடியற்காலையில் அது நெடுங்காலமாகக் குழாய் ஒலிபெருக்கியில் ஒலித்துவந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்த பின்னும், விடிந்ததும் அது தொடர்கிறது. குழாய் ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை ஏறக்குறைய முற்றிலும் விழுங்கிவிடும்: தம்புராவின் மந்தரமும் தொப்பியின் கும்கியும் போய்விடும், குரலின் நடுப்பகுதியும் மெய்யெழுத்துகளின் விளிம்பும் மட்டுமே தெருவைக் கடந்து வரும். பழைய பதிவுகள் அதில் தெளிவாக ஒலிப்பதற்குக் காரணம், அவை குரலை முன்னிறுத்திப் பதியப்பட்டவை என்பதுதான். கீபோர்டின் கார்வையையும் எதிரொலியையும் நம்பிச் செய்யப்பட்ட புதிய பதிவு, காதொலிக் கருவியில் கோயில் மண்டபம் போலப் பெருகி ஒலித்தாலும், தெருவில் சொல் புரியாத இரைச்சலாகிவிடுகிறது. ‘ரோஜா’ வந்த காலத்தில் திரைப்பாட்டுக்கும் இதே நிலை ஏற்பட்டது; அதன் தாழ்நாதத்தைத் தேநீர்க் கடையில் கேட்டவர்களும், நல்ல ஸ்டீரியோவில் கேட்டவர்களும் இரு வேறு தொகுப்புகளைக் கேட்டார்கள் என்றே சொல்லலாம். எந்தக் கருவியில் கேட்டு எழுதப்பட்டது என்பதை மதிப்புரையின் ஓரத்தில் ஒரு வரியாகவேனும் குறிப்பிடும் வழக்கம் தமிழில் இன்னும் வேரூன்றவில்லை, வேரூன்ற வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு வந்தால், தமிழ் வாசகருக்கு மிக அறிமுகமான அளவுகோல் இசைக்கு உரியதன்று. ஆனந்த விகடன் திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுவந்தது. 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 இன்றும் நினைவுகூரப்படுகிறது. பத்தாம் வகுப்பில் 35 வாங்கினால் தேர்ச்சி, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் பெருமை என்று பழகிய வாசகர், விகடனின் 43 என்பது பாராட்டு என்பதைத் தொடர்ந்து படித்தே கற்றுக்கொண்டார். எண்ணின் பொருள் எண்ணில் இல்லை, அதை இடுபவர் காலங்காலமாகக் காத்துவரும் ஒழுங்கில் இருக்கிறது. ஒரு வாரம் தாராளமாகவும் மறுவாரம் கறாராகவும் இடப்படும் மதிப்பெண் வாசகருக்கு எதையும் சொல்லாது.

இசைக்கென்றே நம்மிடம் உள்ள தரவரிசை வானொலியுடையது. அகில இந்திய வானொலி கலைஞர்களின் ஒலிப்பதிவைக் குழு வைத்துக் கேட்டு பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கிறது. இது ஒரு கலைஞரின் பொதுத் தகுதிக்கான தரமே தவிர ஒரு படைப்புக்கான தரம் அன்று; டாப் தரக் கலைஞரும் சாதாரணமான தொகுப்பை வெளியிடக்கூடும், பி தரத்தில் இருப்பவர் மறக்க முடியாத ஒரு பாசுரத்தைப் பாடிவிடக்கூடும். வெளிநாடுகளில் லண்டனின் ‘கிராமஃபோன்’ 1923 முதல் இசைத்தட்டுகளை மதிப்பிடுவதையே தன் முதன்மைத் தொழிலாகக் கொண்டது, அமெரிக்காவில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் பள்ளித் தேர்வைப் போல எழுத்துத் தரம் இட்டார், ‘ரோலிங் ஸ்டோன்’ ஐந்து நட்சத்திரங்களைக் கொண்டது, ‘பிட்ச்ஃபோர்க்’ 0.0 முதல் 10.0 வரை பதின்மப் புள்ளியோடு அளந்து, 2000இல் ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’வுக்கு முழு 10.0 தந்தது. 7.8க்கும் 7.9க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்தச் செவியும் கேட்க இயலாது என்பதால், அத்தகைய நுண்ணளவு இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. இசைத்தொகுப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்ற அளவே போதும். அதிலும் அரையைத் தாண்டிப் பிரிக்கத் தேவையில்லை.

மார்கழியில் பள்ளிகளிலும் கோயில்களிலும் நடக்கும் திருப்பாவைப் போட்டிகளின் நடுவர் தாளில், சுருதி, லயம், பாடாந்தரம், உச்சரிப்பு எனத் தனித்தனிக் கட்டங்கள் போட்டுக் கூட்டும் முறையைக் காணலாம். குழந்தைகளுக்கு அது நியாயமானது. எதில் முன்னேற வேண்டும் என்று அது காட்டும். ஆனால் வெளியிடப்பட்ட தொகுப்புக்கு அக்கூட்டல் பொருந்தாது. சுருதியும் தாளமும் கூடத்தில் கருவிகளால் சரிசெய்யப்பட்டுவிடும் காலத்தில், அந்த இரு கட்டங்களிலும் எல்லாரும் முழு மதிப்பெண் பெறுவர். பாசுரத்தின் பொருளைச் சிதைத்தவரும் கூட்டுத்தொகையில் முன்னே நிற்பார். ஆகவே சில தகுதிகளைக் கூட்டலுக்குள் சேர்க்காமல் வாசலில் வைப்பது நல்லது. மூலபாடம் சிதையாமல் இருக்கிறதா, ராகத்தின் உயிர்ச்சுரங்கள் தம் இடத்தில் இருக்கின்றனவா என்ற இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்த பின்னரே, கற்பனை, குரல், தொகுப்பின் ஒழுங்கு ஆகியவற்றைப் பற்றிப் பேச இடமுண்டு. வாசலைத் தாண்டாத தொகுப்பு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் பெறலாகாது.

எண்ணை எப்போது இடுவது என்பதிலும் ஒரு பழக்கம் உதவுகிறது. மூன்றாம் கேட்பு முடிந்ததும் ஓர் எண்ணைத் தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, மதிப்புரையை எழுதி முடித்தபின், எழுதியதை மட்டும் படித்துப் பார்த்து வேறொரு தாளில் மீண்டும் எண் இடுவது. இரண்டும் ஒத்திருந்தால் அச்சுக்கு அனுப்பலாம். ஒத்திராவிட்டால், கேட்டதற்கும் எழுதியதற்கும் இடையே ஏதோ நழுவிவிட்டது என்று பொருள்: பெரும்பாலும், காதுக்குப் பிடித்தது ஏன் என்று சொல்லத் தெரியாமல் கையில் கிடைத்த குறைகளை எழுத்து அடுக்கியிருக்கும், அல்லது பெரிய பெயரின் மதிப்பு எழுதும்போது தலைகாட்டியிருக்கும். எண்ணைத் திருத்துவதா, எழுத்தைத் திருத்துவதா என்பதை மீண்டும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சிற்றூரில் இத்தொழிலைச் செய்வோர்க்குத் தனியொரு சங்கடம் உண்டு. பக்தித் தொகுப்புகளில் பல உள்ளூர் அன்பர்களின் உபயத்தால், வேண்டுதலின் பேரில் வெளியிடப்படுகின்றன. பாடியவரை மறுநாளே தேர்வீதியில் காண நேரும். குறை சொன்னால் தெய்வத்தைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வோர் இருக்கின்றனர். ‘பக்தியோடு பாடியதற்கு மதிப்பெண் இட நீங்கள் யார்?’ என்ற கேள்வியைத் தொகுப்பாளர் ஒருவர் இக்கட்டுரையாசிரியரிடம் நேரிலேயே கேட்டதுண்டு. கேள்வி நியாயமானது. பக்திக்கு எவரும் மதிப்பெண் இட முடியாது. மதிப்பிடப்படுவது விலை வைத்து விற்கப்படும் ஒலிப்பதிவு மட்டுமே. விற்பனைக்கு வராமல், நண்பர்களுக்கும் அடியார்களுக்கும் வழங்க மட்டும் செய்யப்பட்ட பதிவை மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளாமல் விடுவது இதன் நேரான விளைவு. அனுப்பப்பட்ட இலவசப் படியை எழுதி முடித்ததும் அருகிலுள்ள நூலகத்துக்கோ இசை கற்கும் மாணவருக்கோ தந்துவிடுவதும், உறவினர் அல்லது ஆசிரியர் பாடிய தொகுப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பதும் எழுதப்படாத விதிகள்.

திரையிசைத் தொகுப்புகளுக்கு இவற்றுள் பல பொருந்தா. அங்கே பாட்டு படத்துக்கு முன்பே வெளிவருகிறது. காட்சி தெரியாமல் மதிப்பிட வேண்டியிருப்பதால், மதிப்புரையின் ஆயுள் படம் வெளியாகும் நாள் வரைதான். இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ போலப் படத்தைச் சாராத தொகுப்புகள் வரும்போதுதான் திரையிசை மதிப்புரையாளருக்கும் முழு வேலை கிடைக்கிறது. தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்ட சிற்றூர் ரசிகர்கள் பலர், காட்சியின் துணையின்றி ஒரு தொகுப்பை இறுதிவரை கேட்பது எப்படி என்பதை அதிலிருந்தே கற்றனர்.

மதிப்பெண் இடவே கூடாத பதிவுகளும் சில உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து விழாக்களை ஒட்டி அரையர் சேவை நடைபெறுகிறது. அரையர் கையில் தாளம் ஏந்தி, பாசுரத்தை இசைத்து, அபிநயித்து, பொருள் சொல்லும் இம்மரபு, வைணவ ஆசாரியரான நாதமுனிகள் தம் மருமக்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் கற்பித்த தேவகானத்தின் தொடர்ச்சியாகக் கருதப்படுகிறது. இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், மேல்கோட்டை ஆகிய தலங்களில் இது நிலைத்துள்ளது. இதன் ஒலிப்பதிவு வந்தால், கச்சேரி ராகங்களின் அளவுகோலால் அதை அளப்பது பொருத்தமன்று. அதன் அளவுகோலை அறிந்தவர்கள் அதைச் செய்துவரும் குடும்பத்தார் மட்டுமே. மதிப்புரையாளர் செய்யக்கூடியது பதிவு எந்த நாளில், கோயிலின் எந்தப் பகுதியில், எந்தப் பாசுரத்துக்காகச் செய்யப்பட்டது, கூட்டத்தின் ஒலி வெட்டப்பட்டதா, முழுச் சேவையா பகுதியா, தாளத்தின் ஒலி குரலை மறைக்கிறதா என்பவற்றைப் பிழையின்றிக் குறித்து வைப்பது. எண்ணுக்குரிய கட்டத்தை அங்கே வெறுமையாக விட்டு, ஏன் விடப்பட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். இல்லையேல் அச்சகத்தில் எவரேனும் அதில் ஓர் எண்ணை நிரப்பிவிடக்கூடும்.